இயற்கை உற்பாதமும் ஸ்தல ஸ்தாபனங்களும்

வருஷந்தோறும் ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் வந்தவுடன் நம் நாட்டில் ஒரே நாடகம் திரும்பத் திரும்ப நடந்து வருகின்றது. மழை பெய்கின்றது, ஏரி நிரம்புகின்றது, தெருவில் ஓடவேண்டிய வண்டிக்குப் பதிலாகப் படகு ஓடுகின்றது. பத்திரிகைகள் “இயற்கையின் கோரத்தாண்டவம்” என்று கொட்டை எழுத்தில் போடுகின்றன. மந்திரிகள் முழங்கால் தண்ணீரில் நின்று படம் எடுத்துக் கொள்ளுகின்றார்கள். அரிசியும் போர்வையும் வழங்கப்படுகின்றன. தை மாதம் பிறந்ததும் எல்லோரும் எல்லாவற்றையும் மறந்து விடுகின்றார்கள். மறுபடியும் அடுத்த ஐப்பசியில்தான் ஞாபகம் வருகின்றது.

இந்த நாடகத்தில் நமக்கு மிகவும் ஆட்சேபகரமாயிருப்பது அந்த “இயற்கையின் கோபம்” என்னும் சொல்லேயாகும். இயற்கைக்குக் கோபமும் இல்லை, சாந்தமும் இல்லை. தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடும். காற்றழுத்தம் குறைந்த இடத்தை நோக்கிக் காற்று வீசும். பூமியின் பாறைத் தட்டுகள் நகர்ந்தால் தரை நடுங்கும். இவைகளுக்குப் புண்ணியவான் யார், பாவி யார் என்பது தெரியாது. ஆனால் எந்தப் பள்ளத்தில் யார் குடியிருப்பது, எந்த வாய்க்காலை யார் தூர்ப்பது, புயல் வருமுன் யாருக்குச் சொல்லுவது, யாரை விட்டுவிடுவது என்பவைகளெல்லாம் மனிதர் செய்யும் ஏற்பாடுகளேயன்றி வேறல்ல. ஆகவே, மழை இயற்கையின் காரியம். மழையால் சாவது பெரும்பாலும் மனிதரின் ஏற்பாட்டுக் குறை. இந்த வித்தியாசத்தை மக்கள் உணராத வரையில் எந்த முனிசிபாலிட்டியையும் எந்தப் பஞ்சாயத்தையும் யாரும் கேள்வி கேட்க முடியாது.

1934-ம் வருஷம் ஜனவரி மாதம் 15-ந் தேதி பீகாரிலும் நேபாளத்திலும் பெரும் பூகம்பம் உண்டாகி ஆயிரக்கணக்கான மக்கள் மாண்டார்கள். அச்சமயம் தமிழ் நாட்டில் சுற்றுப்பிரயாணத்திலிருந்த காந்தியார், திருநெல்வேலியில் பேசும்போது அப்பூகம்பம் தீண்டாமையென்னும் பாவத்திற்காகக் கடவுள் அனுப்பிய தண்டனை என்று சொன்னார். தீண்டாமை ஒழியவேண்டுமென்பதில் நமக்கு இரண்டு அபிப்பிராயமில்லை. ஆனால் அதற்காகப் பூமி நடுங்கிற்றென்றால், அந்தப் பூகம்பத்தில் தீண்டப்படாதவர்களும் அல்லவா நசுங்கிச் செத்தார்கள்? தீண்டாமையை அனுபவித்தவனையும் கொன்று தீண்டாமை செய்தவனைத் தண்டிப்பது என்ன நீதி? ரவீந்திரநாத் தாகூரே, இப்படிப்பட்ட வியாக்கியானம் மக்களின் பகுத்தறிவைக் கெடுக்கும் என்று அப்போதே மறுப்பு எழுதினார். அந்த மறுப்பை காந்தியார் தமது “ஹரிஜன்” பத்திரிகையிலேயே வெளியிட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டியது யோக்கியமாகும்.

இது 1934-ம் வருஷத்துச் சங்கதி, இப்பொழுது அப்படி யார் பேசுகிறார்கள் என்று சிலர் கேட்கலாம். 2015-ம் வருஷம் வெள்ளத்தில் மூழ்கிய அதே சென்னைப் பட்டணம் 2019-ம் வருஷம் ஜூன் மாதத்தில் ஏரிகளெல்லாம் வறண்டு குடிதண்ணீருக்குத் தவித்தது. அச்சமயம் மந்திரிகள் முதலானோர் கோயில்களில் உட்கார்ந்து மழைக்காக யாகம் வளர்த்தார்கள். நாலு வருஷத்திற்கு முன் வேண்டாமென்று கடலுக்குத் தள்ளிய தண்ணீரைத்தான் இப்பொழுது நெய்யை ஊற்றி வரவழைக்கப் பார்த்தார்கள். தண்ணீரைத் தேக்கும் இடத்தையெல்லாம் விற்றுவிட்டு வருணனிடம் விண்ணப்பம் போடுவதை விடப் பெரிய வேடிக்கை உலகத்தில் உண்டா என்று கேட்கின்றோம்.

நிற்க, பழைய தலைவிதிக்குப் பதிலாக இப்பொழுது ஒரு புதிய தலைவிதியும் கிளம்பியிருக்கின்றது. அதுதான் “நூறு வருஷத்தில் காணாத மழை” என்பது. முன்பு அதிகாரிகள் மேலே கையைக் காட்டிக் கடவுள் என்றார்கள். இப்பொழுது அதே கையை மேலே காட்டி மேகம் என்கின்றார்கள். 2015-ல் நூறு வருஷத்தில் காணாத மழை. 2021-லும் எதிர்பாராத மழை. 2023-லும் எதிர்பாராத மழை. எட்டு வருஷத்தில் மூன்று முறை வருவதை “எதிர்பாராதது” என்று சொன்னால், எதிர்பார்க்க வேண்டிய வேலைக்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் என்ன செய்து கொண்டிருந்தார்கள்? உலகத்தின் வெப்பம் ஏற ஏறக் காற்று அதிகமான ஈரத்தைத் தாங்கும், அதனால் குறுகிய நேரத்தில் பெருமழை கொட்டும் என்று விஞ்ஞானிகள் பல வருஷங்களாகவே சொல்லி வருகின்றார்கள். விஞ்ஞானி சொல்வதை முன்கூட்டிக் கேட்டு வேலை செய்ய ஒப்பாமல், வெள்ளம் வந்த பின் தப்பித்துக்கொள்ள மாத்திரம் அவன் பெயரைச் சொல்லுவது, யாகத்தை விட எந்த விதத்தில் மேலானதென்று நமக்கு விளங்கவில்லை.

சென்னையின் சங்கதியைச் சற்று விபரமாகப் பார்ப்போம். 1688-ம் வருஷத்தில் ஏற்பட்ட சென்னைக் கார்ப்பரேஷன் இந்தியாவிலேயே மிகப் பழைய நகர சபையாகும். அந்த நகரம் ஏரிகளும் தாங்கல்களும் நிறைந்த சமவெளி. கூவம், அடையாறு, கொசஸ்தலையாறு ஆகிய மூன்று ஆறுகளும், அவைகளைக் குறுக்கே இணைக்கும் பக்கிங்காம் கால்வாயும், தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் அதன் வடிகால்கள். இவைகளுக்கு நேர்ந்த கதி என்ன? மாம்பலத்து நீண்ட ஏரி 1920-களில் வற்றவிடப்பட்டு அங்கே தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கத்து ஏரி நிலத்தில் கட்டிடங்கள் எழும்பின. வள்ளுவர் கோட்டமே அந்த ஏரியிருந்த இடத்தில்தான் நிற்கின்றது. இன்றைக்கும் அப்பக்கத்தில் “டாங்க் பண்டு ரோடு” என்று ஒரு வீதியுண்டு. மேற்கு மாம்பலத்தில் “லேக் வியூ ரோடு” உண்டு. ஏரி இல்லை, ஏரிக்கரை மட்டும் தபால் விலாசத்தில் இருக்கின்றது. மனிதர் மறந்து போனாலும் தண்ணீர் தன் விலாசத்தை மறப்பதில்லை. பக்கிங்காம் கால்வாய்க்குள் தூண் நட்டு ரயில் விட்டார்கள். அடையாற்றின் மேலேயே விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதையைக் கொண்டு போனார்கள். பள்ளிக்கரணையின் பெரும்பகுதியை மனைகளாக்கி, மிச்சத்தில் ஒரு பக்கம் நகரத்துக் குப்பையைக் கொட்டினார்கள். அச்சதுப்பு நிலத்தின் அருமையை ஒப்புக்கொண்டு சர்வதேசப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது 2022-ம் வருஷத்தில்தான்.

இந்த நிலைமையில் 2015-ம் வருஷம் நவம்பர் மாதம் முழுவதும் சேர்த்துச் சுமார் 105 சென்டிமீட்டர் மழை பெய்து, டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டிற்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் வினாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்து விடப்பட்டது. நூற்றுக்கணக்கான மக்கள் மாண்டார்கள். பிறகு 2018-ம் வருஷம் சட்டசபையில் வைக்கப்பட்ட கணக்குத் தணிக்கை அறிக்கை இதை மனிதரால் உண்டாக்கப்பட்ட விபத்து என்றே சொல்லிற்று. இதைச் சொன்னது நாமல்ல. சர்க்காரின் சொந்தத் தணிக்கை இலாகா என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறோம்.

இதில் யார் மேல் குற்றம் என்று தேடினால் ஒருவரும் அகப்படமாட்டார்கள். ஏரி ஒரு இலாகாவுடையது. ஆறு இன்னொரு இலாகாவுடையது. மழைநீர்க் கால்வாய் கார்ப்பரேஷனுடையது. கட்டிட அனுமதி வேறொரு ஸ்தாபனத்தினுடையது. தண்ணீர் மட்டும் இவ்வளவு இலாகாக்களையும் ஒரே இரவில் சுற்றிப் பார்த்துவிட்டுக் கடலுக்குப் போய் விடுகின்றது. தண்ணீருக்குள்ள ஒற்றுமை அதிகாரிகளுக்கு இல்லை.

இனி, வெள்ளத்தில் சாகிறவர்கள் யார் என்பதைக் கவனிப்போம். மேட்டிலிருப்பவன் யார், பள்ளத்திலிருப்பவன் யார் என்பதை இந்நாட்டில் மழை தீர்மானிக்கவில்லை. ஜாதியும் பணமும் முன்னமேயே தீர்மானித்து வைத்திருக்கின்றன. கிராமத்தில் ஊர் மேட்டிலும் சேரி பள்ளத்திலும் இருக்கும். பட்டணத்திலோ ஆற்றோரக் குடிசைக்குப் பெயர் “ஆக்கிரமிப்பு”. ஏரிக்குள் எழும்பிய பன்னிரண்டு மாடிக்குப் பெயர் “அபிவிருத்தி”. 2015 வெள்ளத்திற்குப் பின் அடையாறு, கூவம் கரைகளிலிருந்த ஏழைகளை அப்புறப்படுத்திப் பெரும்பாக்கம் முதலிய இடங்களுக்கு அனுப்பினார்கள். பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் எங்கே இருக்கின்றன? அதே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துப் பள்ளத்தில்தான் இருக்கின்றன. அதாவது, வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி வேறொரு வெள்ளத்தில் கொண்டுபோய் விட்டார்கள். கூலி வேலையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் பல மைலுக்கப்பால் போய்விட்டதுதான் மிச்சம். 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி வந்த சுனாமியின்போதுகூட, சில நிவாரண முகாம்களில் தாழ்த்தப்பட்ட மக்கள் ஒதுக்கி வைக்கப்பட்ட சங்கதி அப்பொழுதே வெளியாயிற்று. கடல் எல்லோரையும் சமமாகவே அடித்தது. கஞ்சி ஊற்றும் இடத்தில்தான் வித்தியாசம் முளைத்தது.

இன்னொரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். நம் கிராமங்களில் மடை திறந்து, தண்ணீர் பாய்ச்சி, கரையைக் காவல் காக்கும் நீர்க்கட்டி வேலை பெரும்பாலும் தாழ்த்தப்பட்டவர்களுடையதாகவே இருந்து வந்திருக்கின்றது. எந்தக் கரை பலவீனம், எந்த மழைக்கு எந்த மதகு தாங்கும் என்று தலைமுறை தலைமுறையாய் அறிந்தவன் அவனே. ஆனால் ஏரியைப்பற்றிப் பேசும் கூட்டத்தில் அவனுக்கு நாற்காலி கிடையாது. அறிந்தவனுக்கு அதிகாரமில்லை; அதிகாரமுள்ளவனுக்கு அறிவில்லை. இதுதான் வெள்ளத்தின் மூலகாரணங்களில் ஒன்றென்பது நமது உறுதியான அபிப்பிராயம்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கின்றது. சுனாமிக்குப் பிறகு 2005-ம் வருஷத்தில் பேரிடர் நிர்வாகச் சட்டம் செய்யப்பட்டது. அதன்படி ஜில்லாதோறும் கலெக்டர் தலைமையில், ஸ்தல ஸ்தாபனத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதியும் உடனிருக்க, ஒரு அதிகார சபை இருக்க வேண்டும். ஜில்லாத் திட்டத்தை வருஷந்தோறும் புதுப்பிக்க வேண்டும். 41-வது பிரிவோ, ஸ்தல ஸ்தாபனங்கள் தம் சிப்பந்திகளுக்குப் பயிற்சி கொடுக்கவும், சாமான்களைத் தயாராய் வைத்திருக்கவும், தம் ஆதிக்கத்திலுள்ள கட்டிட வேலைகள் ஆபத்துக்குத் தாங்கும்படி நடக்கின்றனவா என்று பார்க்கவும் கடமைப்பட்டவை என்று தெளிவாய்ச் சொல்லுகின்றது. 2015-ம் வருஷம் மார்ச்சு மாதம் ஜப்பானில் சென்டாய் நகரத்தில் 187 தேசங்கள் கூடி, ஆபத்தைக் குறைக்க ஒவ்வொரு தேசமும் தேசத்திற்கும் ஸ்தல ஸ்தாபனங்களுக்கும் திட்டம் வகுக்க வேண்டுமென்று ஒப்பந்தம் செய்து கொண்டன. 2025-ம் வருஷத்துத் திருத்தச் சட்டம் பெரிய நகரங்களுக்கென்று தனி அதிகார சபை அமைக்க வழி செய்தது. ஆனால் அதற்குத் தலைவர் யாரென்றால் ஜனங்கள் ஓட்டுப் போட்ட மேயரல்ல, கமிஷனர். ஜனங்கள் வெள்ளத்தில் நிற்கும்போது யாரைக் கேட்க முடியுமோ அவருக்கு அதிகாரமில்லை. யாருக்கு அதிகாரமோ அவரை ஜனங்கள் கேட்க முடியாது.

தேர்தலாவது ஒழுங்காய் நடந்ததா? தமிழ்நாட்டில் 2016-ம் வருஷம் அக்டோபரில் ஸ்தல ஸ்தாபனங்களின் காலம் முடிந்தது. பெரும்பாலான கிராமப் பஞ்சாயத்துகளுக்கு 2019 டிசம்பரிலும், பாக்கி ஜில்லாக்களுக்கு 2021 அக்டோபரிலும், பட்டணங்களுக்கு 2022 பிப்ரவரியிலும்தான் தேர்தல் நடந்தது. அதாவது சென்னைப் பட்டணம் ஐந்து வருஷத்திற்கு மேல் கவுன்சிலர் என்ற ஒருவரே இல்லாமல் இருந்தது. 2021 நவம்பர் மாத வெள்ளம் அந்தக் காலத்தில்தான் வந்தது. தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது கதவைத் தட்டிக் கேட்க ஒரு வார்டு மெம்பர்கூட இல்லாத நகரத்தில் திட்டம் எப்படி உருவாகும்?

இது நடக்காத காரியம், பணக்கார தேசங்களில்தான் முடியும் என்று சிலர் ஆட்சேபிக்கலாம். அவர்களுக்கு ஒடிசாவைக் காட்ட விரும்புகின்றோம். 1999-ம் வருஷம் அக்டோபர் 29-ந் தேதி அந்த மாகாணத்தைத் தாக்கிய பெரும் புயலில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் மாண்டார்கள். ஜகத்சிங்பூர் ஜில்லாவில் கடல் நீர் ஊர்களுக்குள் ஏறி ஊர்களையே துடைத்தெடுத்தது. ஒடிசா பணக்கார மாகாணமல்ல. அங்கே பக்திக்கும் குறைவில்லை. பூரி ஜகந்நாதரே அந்தக் கடற்கரையில்தான் இருக்கின்றார். ஆனால் அந்தப் புயலுக்குப் பின் அவர்கள் யாகத்தை நம்பவில்லை. அவ்வருஷமே பேரிடருக்கென்று தனி ஸ்தாபனம் ஏற்படுத்தினார்கள். கடற்கரை நெடுகத் தூண்களின் மேல் நிற்கும் புயல் காப்பகங்களை நூற்றுக்கணக்காய்க் கட்டினார்கள். சாதாரண நாளில் அவைகள் பள்ளிக்கூடமாயிருக்கும். புயல் நாளில் ஊருக்கே வீடாகும். கிராமந்தோறும் கமிட்டி ஏற்படுத்தி, வாலிபர்களுக்கும் பெண்களுக்கும் எச்சரிக்கை கொடுக்கவும், கிழவரைத் தூக்கிச் செல்லவும், முதல் சிகிச்சை செய்யவும் கற்பித்து, வருஷந்தோறும் ஒத்திகை நடத்தினார்கள். பலன் என்ன? 2013-ம் வருஷம் அக்டோபர் 12-ந் தேதி பைலின் புயல் கோபால்பூர் அருகே கரையேறியபோது ஏறக்குறைய பத்து லட்சம் பேர் முன்னமேயே அப்புறப்படுத்தப்பட்டிருந்தார்கள். இறந்தவர் தொகை நூறுக்கும் குறைவு. 2019-ம் வருஷம் மே மாதம் 3-ந் தேதி பானி புயல் பூரியைத் தாக்கியபோது பன்னிரண்டு லட்சம் பேர் அப்புறப்படுத்தப்பட்டார்கள். அப்பொழுதும் மரணம் நூறுக்குள்தான். கடல் அதே கடல். காற்று அதே காற்று. கடவுளும் அதே கடவுள். மாறியது பஞ்சாயத்தும் பயிற்சியுமே.

ஜப்பான் தேசத்தில் பூடாய் என்று சுமார் 3,000 பேர் வசிக்கும் ஒரு சிறு மீன்பிடி கிராமம் உண்டு. 1896-லும் 1933-லும் வந்த கடல் பேரலைகளில் அக்கிராமத்தில் 439 பேர் செத்தார்கள். 1947 முதல் 1987 வரை நாற்பது வருஷம் அதன் கிராமத் தலைவராயிருந்த கோடோக்கு வாமுரா என்பவர், மறுபடியும் அப்படி நடக்க விடமாட்டேனென்று பிடிவாதமாய் நின்று, பதினைந்தரை மீட்டர் உயரத்தில் கடல் மதிலும், ஆற்றின் குறுக்கே அதே உயரத்தில் பெரிய கதவணையும் கட்ட வைத்தார். 1984-ல் முடிந்த அந்த அணைக்கு மாத்திரம் சுமார் 356 கோடி யென் செலவாயிற்று. இவ்வளவு உயரம் எதற்கு, இவ்வளவு பணம் எதற்கு என்று அநேகர் அவரைப் பரிகசித்தார்கள். அவர் 1997-ல் இறந்து போனார். 2011-ம் வருஷம் மார்ச்சு 11-ந் தேதி பேரலை வந்தது. கதவின் சில பாகங்கள் இயந்திரத்தால் மூடாமற் போகவே, தீயணைப்புச் சிப்பந்திகள் நேரில் ஓடிக் கையால் மூடினார்கள். அலை கதவைத் தாண்டியும் சிறிது வழிந்தது. துறைமுகமும் படகுகளும் நாசமாயின. ஆனால் ஊர் பிழைத்தது. படகைப் பார்க்கக் கடற்பக்கம் போன ஒருவர் மாத்திரம் காணாமற் போனார். பரிகசித்த ஊரார் பிறகு அவர் சமாதிக்குப் போய் வணங்கினார்களாம். சமாதியில் வணங்குவதைவிட உயிரோடிருக்கும்போது அவர் பட்ஜட்டுக்குக் கை தூக்கியிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்பதைத் தவிர நாம் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை.

ஆனால் சுவர் கட்டினாலே போதுமென்று யாரும் நினைத்து விடக்கூடாது. அதே கரையில் டாரோ என்னும் ஊரில் பத்து மீட்டர் உயரமும் 2.4 கிலோமீட்டர் நீளமும் உள்ள மதில் இருந்தது. உலகம் அதைப் புகழ்ந்தது. ஊரார் அதை நம்பினார்கள். 2011-ல் அலை அதன்மேல் ஏறி வந்தது. மதிலிருக்கிறதென்று ஓடாமல் நின்றவர்கள் மாண்டார்கள். கல்லைச் செதுக்கி வைத்தாலும், கல்லை அடுக்கி வைத்தாலும், யோசிக்காமல் நம்பினால் இரண்டும் ஒன்றுதான். அதற்கு மாறாக, காமைஷி என்னும் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு, வரைபடத்தை மட்டும் நம்பாதே, அலை வருமென்றால் யார் உத்தரவுக்கும் காத்திராமல் மேட்டுக்கு ஓடு என்று பல வருஷம் கற்பித்திருந்தார்கள். பள்ளியிலிருந்த சுமார் 3,000 பிள்ளைகள் பெரியவர்களையும் இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடித் தப்பினார்கள்.

இஷினோமாக்கி நகரத்து ஒக்காவா பள்ளிக்கூடத்திலோ, அந்த இடம் அபாயத்திற்குட்பட்டதல்ல என்று நகர சபை வரைபடம் சொல்லிற்று. பின்னாலேயே குன்று இருந்தும், எங்கே போவதென்று முன்னேற்பாடு இல்லாமல் பிள்ளைகளை விளையாட்டு மைதானத்திலேயே முக்கால் மணிக்கு மேல் நிறுத்தி வைத்தார்கள். 74 பிள்ளைகளும் 10 ஆசிரியர்களும் மாண்டார்கள். பெற்றோர் சிலர் இதைத் தலைவிதி என்று விட்டுவிடவில்லை, கோர்ட்டுக்குப் போனார்கள். அன்றைய தினம் ஆசிரியர் தவறினாரா என்பதோடு நிற்காமல், முன்கூட்டித் திட்டம் போடாத பள்ளிக்கூடமும் நகரக் கல்வி இலாகாவுமே குற்றவாளிகள் என்று 2018-ல் ஹைக்கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை உறுதி செய்தது. திட்டம் போடாமலிருப்பதும் குற்றமே என்று தெளிவாயிற்று. நம் நாட்டில் எத்தனை முனிசிபாலிட்டிகள் இந்தத் தராசில் நிற்கும்?

பணம் எங்கே என்று மறுபடியும் கேட்கலாம். வெள்ளம் வந்த பின் நஷ்டஈடும், ரோடும், பாலமும், அரிசியும் எந்தப் பணத்தில் வருகின்றன? 2021 முதல் 2026 வரைக்குமான நிதிக் கமிஷன் ஏற்பாட்டில்கூட, பேரிடர்ப் பணம் ரூபாய்க்கு எண்பது காசு வந்த பின் செய்யும் நிவாரணத்திற்கும், இருபது காசு வருமுன் தடுப்பதற்கும் என்றே ஒதுக்கப்பட்டது. அதற்கு முன் தடுப்புக்கென்று அந்த இருபது காசும் தனியாய் இருந்ததில்லை. இதற்கு இரகசியம் ஒன்றுண்டு. நிவாரணப் பொட்டலத்தின் மேல் தலைவர் படத்தை ஒட்டலாம். வராத வெள்ளத்தின் மேல் எதை ஒட்டுவது? ஆவணி மாதத்தில் தூர்வாரிய வாய்க்காலுக்குத் திறப்பு விழா இல்லை, மாலையில்லை, கல்வெட்டில்லை. ஆகையால், தடுத்தவனுக்கு ஓட்டில்லை, தர்மம் செய்தவனுக்கே ஓட்டு என்றிருக்கின்றது. இந்த விஷயத்தில் ஓட்டர்களும் பொறுப்பாளிகளே. பிச்சையை நன்றியோடு வாங்கிக்கொண்டு உரிமையை மறந்து விடுகிறவனுக்கு மறுவருஷமும் பிச்சைதான் கிடைக்கும்.

காயல்பட்டினத்தில் 2023 டிசம்பரில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததைப் போன்ற மழையில் ஒரு சொட்டுத் தண்ணீரும் தெருவில் நிற்கக்கூடாதென்று நாம் கேட்கவில்லை. சாமான் போகலாம், பயிர் போகலாம், உயிர் போகக்கூடாது. அதற்காக ஒவ்வொரு பஞ்சாயத்தும் முனிசிபாலிட்டியும் கீழ்க்கண்டவைகளையாவது உடனே செய்ய வேண்டும்.

1. எந்தத் தெரு எவ்வளவு தண்ணீரில் மூழ்கும், தண்ணீர் எந்த வழியாய் வந்து எந்த வழியாய்ப் போகவேண்டும் என்று வார்டுவாரியாகப் படம் எழுதித் தமிழில் அச்சிட்டு, ஆபீஸ் சுவரிலும் ரேஷன் கடையிலும் தொங்கவிட வேண்டும். பீரோவிலிருக்கும் திட்டம் கறையானுக்கு உபயோகப்படுமே தவிர மனிதனுக்கு உபயோகப்படாது.

2. தூர்வாரும் வேலை சித்திரை, வைகாசியில் ஆரம்பித்து ஆவணிக்குள் முடியவேண்டும். மே மாதம் முதல் தேதிக் கிராமசபையில் திட்டத்தையும், ஆகஸ்டு 15-ந் தேதிச் சபையில் செய்த வேலையின் கணக்கையும், கண்ட்ராக்டர் பெயருடனும் ரூபாயுடனும் படிக்க வேண்டும். பட்டணங்களில் ஏரியாச் சபைகளில் இதே கணக்கைக் கேட்க வேண்டும்.

3. கிழவர், கர்ப்பிணிகள், ஊனமுற்றோர், தனியாய் வாழ்வோர் ஆகியவர்களின் ஜாபிதா ஒன்று வார்டுதோறும் இருக்க வேண்டும். ஆபத்து நாளில் யாரை யார் தூக்கி வருவது என்று பெயர் பெயராய் முன்னமேயே தீர்மானிக்க வேண்டும்.

4. காப்பகம் எல்லாருக்கும் பொதுவாயிருக்க வேண்டும். ஜாதிக்கொரு மண்டபம், ஜாதிக்கொரு பந்தி என்றால் அது காப்பகமல்ல. பெண்களுக்குத் தனி அறையும் கக்கூஸும் இல்லாத காப்பகத்திற்கு ஒரு பெண்ணும் வரமாட்டாள்.

5. நீர்வழியில் கட்டிட அனுமதி கொடுத்த உத்தியோகஸ்தரின் பெயர் வெளிவர வேண்டும். ஆக்கிரமிப்பை எடுப்பதென்றால் சர்க்கார் கட்டிடத்திலும் பெரிய மாடியிலும் ஆரம்பித்துக் குடிசையில் முடிக்க வேண்டுமேயன்றி, குடிசையில் ஆரம்பித்துக் குடிசையிலேயே முடிக்கக்கூடாது.

6. இந்தக் கமிட்டிகளில் நீர்க்கட்டியும், மீன் பிடிப்பவரும், சாக்கடையில் வேலை செய்பவரும், பெண்களும் இருந்தாக வேண்டும். ஸ்தல ஸ்தாபனங்களில் பாதி ஸ்தானம் பெண்களுக்கென்று சட்டம் இருக்கின்றது. அந்த ஸ்தானத்தில் அவர்கள் புருஷன்மார் உட்காராமல் அவர்களே உட்கார வேண்டும்.

7. பள்ளிக்கூடங்களில் வருஷத்திற்கு இரண்டு முறையாவது ஒத்திகை நடத்த வேண்டும். தேர்த் திருவிழாவுக்கு வடம் பிடிக்க ஊர் முழுவதும் கூடுகின்றது. உயிர் பிழைக்கும் ஒத்திகைக்கு அரை நாள் கூடுவது பெரிய காரியமல்ல.

இவற்றில் எதற்கும் கோடிக்கணக்கான பணம் வேண்டியதில்லை. சீமையிலிருந்து இஞ்சினீயர் வரவேண்டியதுமில்லை. வேண்டியதெல்லாம் கேட்கும் ஜனங்களும், கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்ட கவுன்சிலரும்தான். ஆகவே தோழர்களே! அடுத்த தடவை உங்கள் பஞ்சாயத்துத் தலைவரையோ வார்டு மெம்பரையோ கண்டால், கோயில் கும்பாபிஷேகம் எப்போதென்று கேட்காதீர்கள். நம்ம தெருத் தண்ணீர் எந்த வழியாய்ப் போகும், அந்தப் படம் எங்கே தொங்குகிறது என்று கேளுங்கள். பதில் இல்லையானால் மறுநாளும் கேளுங்கள். பத்துப் பேராய்ப் போய்க் கேளுங்கள். கிராமசபையில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். பதில் சொல்லாதவருக்கு மறு தேர்தலில் ஓட்டில்லை என்று அவருக்குத் தெரியும்படி கேளுங்கள். மழைக்குக் காது கிடையாது, கவுன்சிலருக்கு உண்டு.